பாதிரியார் தோற்ற தேர்தல்

தேர்தல் என்றதும் பார்லிமெண்டும் மந்திரிசபையுந்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கிலாந்தின் சரித்திரத்தைப் படிக்கிறவர்களும் கிளாட்ஸ்டன் ஜயித்தார், டிஸ்ரேலி தோற்றார் என்று படித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பெரிய தேர்தல்களில் அவ்வளவு ருசி ஏற்படுவதில்லை. கதை எழுதிப் பழகியவனுக்கு லட்சக்கணக்கான தலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. ஓர் அறைக்குள் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால், யார் யாருடைய முகத்தைப் பார்த்தார், யார் தலையைக் குனிந்துகொண்டார் என்று கவனிக்கத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு சின்னத் தேர்தலைப் பற்றி இப்போது சொல்லப் போகிறேன். 1913-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் ஜில்லாவில் அது நடந்தது. டிஸ் என்ற சிறிய பட்டணத்துக்குப் பக்கத்தில் பர்ஸ்டன் என்று ஒரு கிராமம். அங்கே கிராமக் கவுன்சிலுக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். அதன் பின்விளைவு கால் நூற்றாண்டு நீடித்தது.

முதலில் இந்தக் கிராமக் கவுன்சில் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துக் கிராமங்களில் நெடுங்காலமாக சர்ச்சுதான் சர்க்கார். ஒரு சர்ச்சைச் சேர்ந்த வட்டாரத்துக்குப் பாரிஷ் என்று பெயர். பாரிஷின் காரியங்களைப் பேசுவதற்குக் கூடும் கூட்டத்துக்குப் பாதிரியாரே தலைவர். பாதையைச் செப்பனிடுவது, ஏழைகளுக்கு உதவுவது, வரி போடுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். 1818-இல் செய்த ஒரு சட்டப்படி, சொத்து அதிகமாக உள்ளவனுக்கு ஓட்டும் அதிகம். 50 பவுனுக்குக் குறைந்த மதிப்புள்ளவனுக்கு ஓர் ஓட்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 25 பவுனுக்கும் இன்னோர் ஓட்டு. இப்படி ஆறு ஓட்டு வரைக்கும் ஒரே ஆசாமி போடலாம். ஆறு ஓட்டு உடைய பண்ணைக்காரரும் பாதிரியாரும் பேசி முடித்த பிறகு, கூலி வேலை செய்கிறவன் வாயைத் திறப்பதற்கு என்ன இருக்கிறது?

அவன் வாயைத் திறக்க ஆரம்பித்தது 1872-இல். வார்விக்ஷயரில் வெல்ஸ்போர்ன் என்ற ஊரில், ஒரு பெரிய மரத்தடியில், பிப்ரவரி மாதத்து இருட்டில் விவசாயக் கூலிக்காரர்கள் கூடினார்கள். ஜோசப் ஆர்ச் என்பவர் அவர்களிடையே பேசினார். அவரும் வேலி வெட்டிப் பிழைத்த தொழிலாளிதான். அந்த மரத்தடியிலிருந்து விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1884-இல் கிராமத்துத் தொழிலாளிக்குப் பார்லிமெண்டு ஓட்டுக் கிடைத்தது. மறு வருஷமே ஆர்ச் நார்ஃபோக்கிலிருந்து பார்லிமெண்டுக்குள் போய் உட்கார்ந்தார். ஆனால் சொந்த ஊரின் காரியத்தில் மட்டும் தொழிலாளிக்கு இன்னும் இடமில்லை. லண்டனில் யார் மந்திரியாக இருக்கலாம் என்று அவன் சொல்லலாம். தன் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடையைப் பற்றிச் சொல்ல முடியாது.

இந்த வேடிக்கையை மாற்றியது 1894-ஆம் வருஷத்துச் சட்டம். முந்நூறு பேருக்கு மேல் உள்ள ஒவ்வொரு கிராமப் பாரிஷுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் உண்டு என்று அது சொல்லிற்று. பிரபுக்கள் சபை லேசில் விடவில்லை. திருத்தத்தின் மேல் திருத்தமாகப் போட்டது. எண்பத்துநாலு வயதுக் கிழவரான கிளாட்ஸ்டன் 1894 மார்ச்சு முதல் தேதியன்று காமன்ஸ் சபையில் எழுந்து அந்தத் திருத்தங்களைப் பற்றிப் பேசினார். பிரபுக்கள் இப்படியே குறுக்கே நின்றுகொண்டிருக்க முடியாது என்று எச்சரித்தார். அறுபது வருஷத்துக்கு மேல் ஒலித்த குரல் அந்தச் சபையில் கடைசியாக ஒலித்தது அன்றுதான். சாம்ராஜ்யத்தையே ஆண்டவருடைய கடைசிப் பேச்சு, கிராமத்துப் பாதைக்கும் விளக்குக்கும் யார் பொறுப்பு என்ற விஷயத்தில் அமைந்துபோயிற்று. நான்கு நாளில் மசோதா சட்டமாகிவிட்டது.

சட்டத்தை எழுதியவர்களுக்குக் கிராமம் தெரிந்திருக்க வேண்டும். பாரிஷ் கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன்னால் ஆரம்பிக்கக் கூடாது என்று எழுதினார்கள். பகலில் கூட்டம் போட்டால் வயலில் நிற்கிறவன் எப்படி வருவான்? வேறு இடம் கிடைக்கிற வரையில் சாராயக் கடையில் கூட்டம் கூடாது என்றார்கள். பள்ளிக்கூடத்து அறையை வாடகையில்லாமல் கொடுக்க வேண்டும் என்றார்கள். மணமான பெண்களும் ஓட்டுப் போடலாம், பெண்கள் அங்கத்தினராகவும் வரலாம் என்றார்கள். பெண்களுக்குப் பார்லிமெண்டு ஓட்டுக் கிடைப்பதற்கு இன்னும் இருபத்துநாலு வருஷம் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் பழைய பாதையிலேயே நின்றுவிட்டது. பார்லிமெண்டுத் தேர்தலில் 1872 முதலே ரகசிய ஓட்டு வந்துவிட்டது. கிராமக் கவுன்சிலுக்கோ கூட்டத்தில் கை தூக்கித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். யாராவது பிடிவாதமாகக் கேட்டால் பிறகு ஓட்டுச் சீட்டு வைத்து நடத்தலாம். இந்தக் கை தூக்கும் வழக்கம் இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகுதான் ஒழிந்தது.

கை தூக்குவது என்ன பிரமாதம் என்று நினைக்கக் கூடாது. நார்ஃபோக்கில் அந்த நாளில் ஒரு விவசாயத் தொழிலாளிக்கு வாரக் கூலி பதின்மூன்று ஷில்லிங் அளவில் இருந்தது. அவன் குடியிருந்த வீடு பெரும்பாலும் எஜமானனுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. பெண்டாட்டி பிள்ளைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் தெருவில். எதிரே முதல் வரிசையில் அந்த எஜமானனே உட்கார்ந்திருக்கிறார்; அவரும் அபேட்சகர்தான். பக்கத்தில் பாதிரியார். தன் கல்யாணத்தை நடத்தி வைத்தவர். தன் தகப்பனைப் புதைத்தவர். இவர்களுடைய பெயரைச் சொல்லும்போது கையை மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொருவன் பெயரைச் சொல்லும்போது, எல்லோரும் பார்க்க, உயர்த்த வேண்டும். நானாக இருந்தால் உயர்த்தியிருப்பேனா? யோசித்துப் பார்க்கிறேன்; நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இனிப் பர்ஸ்டனுக்கு வருகிறேன். கதாநாயகன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் டாம் ஹிக்டன். சோமர்செட்டில் ஒரு விவசாயக் கூலிக்காரருடைய மகன். அவர் மனைவி ஆனி ஹிக்டன். கணவரைவிட வயதில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் மனைவி தலைமை ஆசிரியை, கணவர் உதவி ஆசிரியர். இந்த ஏற்பாட்டைப் பற்றி அவருக்குக் கூச்சம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இருவரும் ஏசுவின் உபதேசத்தையும் சோஷலிசத்தையும் ஒன்றாகவே கண்டவர்கள்.

பர்ஸ்டனுக்கு வருமுன் இவர்கள் அதே ஜில்லாவில் வுட் டாலிங் என்ற கிராமத்தில் இருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடக் கட்டிடம் பிள்ளைகள் உட்காரத் தகுதியானதல்ல என்று ஆனி ஓயாமல் புகார் எழுதினார். அறுவடைக் காலத்தில் பண்ணைக்காரர்கள் பையன்களைப் பள்ளியிலிருந்து வேலைக்கு இழுத்துக்கொண்டு போவதையும் கண்டித்தார். பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் இருந்தவர்களோ அதே பண்ணைக்காரர்கள். டாமுக்கு இன்னொரு வேலை கிடைத்தது. 1906-இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் நார்ஃபோக்கில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைப் புதிதாக ஆரம்பித்திருந்தார். சிறு வயதில் வயலில் காக்கை விரட்டியவர் அவர். கல்யாணமான பிறகு மனைவியிடம் எழுத்துக் கற்றுக்கொண்டவர். அந்தச் சங்கத்துக்காக டாம் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். 1910-இல் கிராமக் கவுன்சில் தேர்தல் வந்தபோது, தொழிலாளர்களையே நிற்கும்படி தூண்டினார். அவர்கள் ஜயித்தார்கள். ஜயித்த கையோடு வாத்தியார் தம்பதிக்கும் நிர்வாகக் குழுவுக்கும் சண்டை முற்றியது. ஜில்லாக் கல்விக் கமிட்டி அவர்களை இடம் மாற்றிற்று. 1911-இல் பர்ஸ்டனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கட்டத்தில் விவேகமுள்ள வாத்தியாராக இருந்தால், பட்டது போதும் என்று பாடத்தை நடத்திக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். பர்ஸ்டன் பள்ளிக்கூடத்திலும் ஈரம், குளிர், வெளிச்சக் குறைவு எல்லாம் இருந்தன. ஆனி மறுபடியும் புகார் எழுதினார். டாம் மறுபடியும் சைக்கிளை எடுத்தார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் பர்ஸ்டனுக்கு ஒரு புதிய பாதிரியாரும் வந்திருந்தார். சார்லஸ் டக்கர் ஈலண்ட் என்று பெயர். சர்ச்சு மானியமும் மாளிகையும் உடையவர். வந்த சிறிது காலத்தில் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் தலைவரானார். கிராமக் கவுன்சிலிலும் தமக்கு உரிய இடம் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்ததில் ஆச்சரியமில்லை.

1913 மார்ச்சில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரும் தேர்தல் வந்தது. டாம் ஹிக்டன் தாமே அபேட்சகராக நின்றார். தொழிலாளர்களும் நின்றார்கள். பாதிரியாரும் நின்றார். எண்ணிப் பார்த்தபோது ஹிக்டனுக்கு முதல் இடம். பாதிரியாருக்குக் கடைசி இடம்.

தோற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நாவல் எழுதுகிறவனுக்கு அந்தச் சுகம் கிடையாது. அவன் தோற்றவனுடைய நாற்காலியிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஈலண்ட் பாதிரியார் தம்மைக் கெட்டவராக நினைத்திருக்க மாட்டார். ஆண்டவன் வகுத்த ஒழுங்கு ஒன்று உண்டு, அதில் பாதிரியாருக்கு ஓர் இடமும் வாத்தியாருக்கு ஓர் இடமும் கூலிக்காரனுக்கு ஓர் இடமும் உண்டு என்று அவர் மனமார நம்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் தமக்கு முன்னால் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும் ஜனங்கள், ஒரு மாலைப் பொழுதில் தம்மைக் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் தெருவில் அவர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லும்போது, அந்த வணக்கத்துக்கு இனி என்ன அர்த்தம்?

இத்தனைக்கும் கிராமக் கவுன்சிலின் அதிகாரம் சொற்பம். நடைபாதை, தெரு விளக்கு, இடுகாடு, ஏழைகள் காய்கறி பயிரிடச் சிறு துண்டு நிலம் — இவ்வளவுதான். பவுனுக்கு மூன்று பென்னிக்கு மேல் வரி செலவிட வேண்டுமானால் ஊர்க் கூட்டத்தின் சம்மதம் வேண்டும். சம்மதித்தாலும் ஆறு பென்னிக்கு மேல் போக முடியாது. வாத்தியாரை வேலையில் வைப்பதும் நீக்குவதும் கவுன்சிலின் கையில் இல்லை. அது கல்விக் கமிட்டியின் காரியம். அந்தக் கமிட்டிக்கு யோசனை சொல்கிறவர்கள் பள்ளி நிர்வாகக் குழுவினர். கவுன்சிலில் கடைசி இடம் பெற்றவர் நிர்வாகக் குழுவில் தலைமை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜனங்களுடைய ஓட்டு எட்டாத நாற்காலி அது.

பிறகு புகார்கள் கிளம்பின. ஒரு மழை நாளில், தூரத்திலிருந்து நனைந்துகொண்டு நடந்து வந்த பிள்ளைகளின் உடுப்பை உலர்த்துவதற்காக ஆனி பள்ளிக்கூடத்தில் கணப்பு மூட்டினாராம். அதற்குக் குழுவின் அநுமதி பெறவில்லையாம். நிர்வாகிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாராம். அநாதை விடுதியிலிருந்து ஒரு வீட்டில் வளர்க்க விட்டிருந்த இரண்டு சிறுமிகளைப் பிரம்பால் அடித்தாராம். கடைசிக் குற்றச்சாட்டை ஆனி அடியோடு மறுத்தார். கல்விக் கமிட்டி விசாரணை நடத்தியது; முடிவில் கணவன் மனைவி இருவரையும் வேலையிலிருந்து நீக்கிற்று. 1914 மார்ச்சு 31-ஆம் தேதி அவர்களுக்குக் கடைசி நாள்.

தேர்தலில் தோற்றதற்காகப் பாதிரியார் பழிவாங்கினார் என்று எந்தத் தஸ்தாவேஜிலும் எழுதி வைக்க மாட்டார்கள். ஆனால் கிராமத்து ஜனங்களுக்குத் தஸ்தாவேஜு தேவைப்படவில்லை. கணப்பு மூட்டியதற்காக ஒரு வாத்தியாரம்மாளை யாரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு மேல் நடந்ததை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார். 1914 ஏப்ரல் முதல் தேதி காலையில் புதிய ஆசிரியர்கள் பள்ளிக்கூடத்தில் காத்திருந்தார்கள். பதிவிலிருந்த 72 பிள்ளைகளில் ஆறு பேர்தான் உள்ளே வந்தார்கள். மற்ற 66 பேரும் கொடிகளையும் அட்டைகளையும் ஏந்திக்கொண்டு கிராமத்தைச் சுற்றி ஊர்வலமாகப் போனார்கள். எங்கள் ஆசிரியர்கள் எங்களுக்கு வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. தலைமை வகித்தவள் ஒரு பதின்மூன்று வயதுப் பெண். ஊர்வலம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடவில்லை. கிராமத்துப் புல்வெளியில் ஹிக்டன் தம்பதியின் முன்னால் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

பெற்றோர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்கு முதல் தடவை அரைக் கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங் அபராதம். வாரத்துக்குப் பதின்மூன்று ஷில்லிங் வாங்குகிறவனுக்கு அது ஒரு நாள் கூலிக்கும் அதிகம். வெளியில் வசூல் செய்து அபராதத்தைக் கட்டினார்கள். இரண்டாவது தடவை அபராதம் இரட்டிப்பாயிற்று, அதையும் கட்டினார்கள். பிள்ளைகள் வேறிடத்தில் ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்பது விளங்கிய பிறகு வழக்குகள் நின்றன. சர்ச்சு மானிய நிலத்தில் சிறு துண்டுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த கிராமத்தார்களுக்குப் பாதிரியார் வெளியேறும்படி நோட்டீஸ் கொடுத்தார். அதற்கும் ஜனங்கள் மசியவில்லை.

புல்வெளிக்குப் பிறகு ஒரு தச்சுப் பட்டறை பள்ளிக்கூடமாயிற்று. இதற்குள் உலக யுத்தம் வந்துவிட்டது. யுத்தம் நடக்கும்போதே தொழிற்சங்கங்கள் பணம் அனுப்பின. சுரங்கத் தொழிலாளர்களும் ரயில்வேத் தொழிலாளர்களும் தாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் கொடுத்தார்கள். புதிய கட்டிடம் எழும்பிற்று. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை அதன் முகப்புக் கற்களிலேயே பொறித்தார்கள். 1917 மே 13-ஆம் தேதி, மூன்று வருஷத்துக்கு முன் ஊர்வலத்துக்குத் தலைமை வகித்த அதே பெண் அதைத் திறந்து வைத்தாள்.

1920-இல் ஈலண்ட் பாதிரியார் பர்ஸ்டனைவிட்டுப் போனார். அதே வருஷம், பர்ஸ்டனும் சேர்ந்த தென் நார்ஃபோக் தொகுதியில் ஓர் உபதேர்தல் வந்தது. காக்கை விரட்டிய பையனாக வாழ்க்கையைத் தொடங்கிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ் அதில் ஜயித்துப் பார்லிமெண்டுக்குப் போனார். ஹிக்டன் தம்பதியின் பள்ளிக்கூடமோ தொடர்ந்து நடந்தது. 1939-இல் டாம் காலமான பிறகுதான் மூடினார்கள். மிச்சமிருந்த சில பிள்ளைகள் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் ஒரு காலை நேரத்தில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் இருபத்தைந்து வருஷம் நடந்து முடிந்தது. இங்கிலாந்தில் அதைவிட நீண்ட வேலைநிறுத்தம் இல்லை என்று சொல்கிறார்கள்.

அந்தத் தேர்தலால் என்ன பிரயோஜனம் என்று ஒருவர் கேட்கலாம். கணக்குப் பார்த்தால் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டில் ஜயித்தவருக்கு ஒரு வருஷத்தில் வேலை போயிற்று. கல்விக் கமிட்டி அவர்களைத் திரும்ப அழைக்கவே இல்லை. ஜனநாயகம் என்பது ஓட்டுப் பெட்டியோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல பாடம். சட்டம் தொழிலாளிக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்தது. அவன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், அவன் குடியிருக்கும் வீடு, அவன் கூலி எல்லாம் வேறு நாற்காலிகளில் இருந்தவர்களின் வசத்தில் இருந்தன.

ஆனாலும் நான் வேறு விதமாக நினைக்கிறேன். 1914 ஏப்ரலில் கோர்ட்டுப் படியேறிய அந்தத் தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் தைரியம் திடீரென்று எங்கிருந்து வந்தது? ஒரு வருஷத்துக்கு முன் மார்ச்சு மாதத்து மாலையில் அவர்கள் ஒரு காரியத்தைச் செய்து பழகியிருந்தார்கள். ஊருக்குப் பெரியவர் என்று சொல்லப்பட்டவரைக் கடைசியில் நிறுத்தினார்கள். வானம் இடிந்து விழவில்லை. நிமிர்ந்து பார்க்கப் பழகியவர்கள், வாத்தியாரை எடுத்துவிட்டார்கள் என்றதும் மறுபடியும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. பெற்றோர் நிமிர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மறு வருஷம் கொடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். விளக்குக் கம்பமும் நடைபாதையும் கவுன்சிலின் கணக்கில் வரும். இது எந்தக் கணக்கிலும் வராது.

பள்ளிக்கூடக் கட்டிடம் இப்போது ஒரு சிறு பொருட்காட்சி சாலையாக நிற்கிறது. 1984 முதல் செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையில் தொழிற்சங்கத்தார் அங்கே கூடி, பிள்ளைகள் நடந்த வழியில் நடந்துவிட்டு வருகிறார்கள்.

கணவர் போய் ஏழு வருஷம் கழித்து, 1946-இல் ஆனியும் காலமானார். பர்ஸ்டன் சர்ச்சின் இடுகாட்டில் இருவரையும் அடுத்தடுத்துப் புதைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஈலண்ட் பாதிரியார் பிரசங்கம் செய்த சர்ச்சு அது. ஊரைவிட்டுப் போகும்படி அதிகாரிகள் சொன்னவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.